ஊருக்குள் இறங்கும் பிள்ளைகளுக்கு

திருப்பூர் வீரபாண்டியில் பல்லடம் ரோட்டின் இரு பக்கமும் இருக்கிற லைன் வீடுகளில் தொண்டு செய்ய இந்த வருஷம் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் சர்ச்சிலிருந்து வருகிறீர்கள். சிலர் கல்லூரியிலிருந்து. சிலருக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஆனால் எல்லோரும் போகப்போவது ஒரே இடத்துக்கு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் என்று எங்கிருந்தோ பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகப் படுத்து எழுந்து கொண்டிருக்கிறவர்களிடம் போகிறீர்கள்.

கண்ணுகளா, பாஷை தெரியாத ஜனங்கள் நடுவே போய் வேலை செய்வது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. நானூறு வருஷத்துக்கு மேலாக மிஷனரிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதைச் செய்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலிருக்கும் கருமத்தம்பட்டி மாதா கோவிலின் கதை 17 ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. லண்டன் மிஷன் ஆடிஸ் கோயம்புத்தூரில் வந்து இறங்கியது 1830 இல். ஈரோட்டில் பிரப் ரோட்டுக்குப் போகிற பாதிப் பேருக்கு, பிரப் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அங்கேயே உழைத்த போதகர் என்பது தெரியாது. இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதையெல்லாம் நான் பல வருஷமாகப் படித்து வருகிறேன். உங்களுக்கு உதவும் என்று தோன்றுவதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. முதலில் மாணவராகப் போங்கள்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. வயது ஏறக்குறைய 24. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் செய்த முதல் காரியம், ஒரு கிழட்டு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தது. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். படித்துவிட்டு வந்த ஐரோப்பியர், ஐந்து வயதுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்.

இரண்டு வருஷம் கழித்துத் தன் அன்றாட வாழ்க்கையை அவர் ஊருக்கு எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு, முன்பு படித்த சொற்களை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்ப் புத்தகம் தவிர வேறொன்றும் கையில் இருக்காது. பக்கத்தில் ஒரு புலவர் இருந்து பொருள் சொல்வார், ஓர் எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போது ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் மறுபடி வாசிப்பு. இருட்டிய பிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, இன்னொருவர் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். தனக்குப் பிடித்த நடை என்றால் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாராம். இப்படிப் படித்த மனிதர்தான் 1715 இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 36 வயதில் செத்துப் போனார்.

நீங்கள் போகிற அறைகளில் ஒடியா, போஜ்புரி, சந்தாலி எல்லாம் பேசுவார்கள். இந்தி தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சந்தாலி பேசுகிற பெண்ணுக்கு இந்தியும் நமக்கு இருக்கிற மாதிரி அயல் மொழிதான். செக்கிங் டேபிளில் நிற்கிற அந்தப் பெண்ணிடமே போய், "இதுக்கு உங்க பாஷையில என்னம்மா பேரு?" என்று கேளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போய்த் தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள். அந்தப் பெண் உங்களைத் திருத்தும். அன்றைக்கு அவள் வாத்தியார், நீங்கள் பிள்ளை. கதவு திறப்பது அப்போதுதான்.

2. அவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சீகன்பால்க் ஆள் அனுப்பிப் புலவர் வீட்டு விதவைகளிடம் ஏட்டுச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708 இலேயே குறிப்பு எழுதினார். 1713 இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலிடம் அதை அச்சிட மறுத்துவிட்டது. அந்த மதத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 150 வருஷத்துக்கு மேல் கிடந்து, 1867 இல் சென்னையில்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது. மேலிடம் சொன்னது தவறு, சீகன்பால்க் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் மனதில் எது புனிதம் என்று தெரியாமல் அவரிடம் எந்தப் பெரிய பேச்சும் பேச முடியாது. சத் பூஜை எப்போது, ரத யாத்திரைக்கு ஏன் ஊருக்குப் போகத் துடிக்கிறார்கள், எந்த நாளில் கறி தொடமாட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

3. உடுப்பை மாற்றுவது எளிது. கூட உட்காருவதுதான் கஷ்டம்.

இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி 1606 இல் மதுரைக்கு வந்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். காலில் பாதக்குறடு. ஒரு நாளைக்கு ஒரே வேளை, சோறும் காயும் பாலும். சிவதர்மர் என்ற அந்தணரிடம் சமஸ்கிருதம் படித்தார். அதே காலத்தில் சீனாவில் அதே சபையின் மத்தேயு ரிச்சி அந்த ஊர் அறிஞர்களின் பட்டு அங்கியை 1595 இல் போட்டுக்கொண்டார். 250 வருஷம் கழித்து ஹட்சன் டெய்லர் என்ற இங்கிலாந்து இளைஞர் தலையைச் சிரைத்துப் பின்னல் விட்டுச் சீன உடையில் ஊர் ஊராகப் போனார். சக வெள்ளைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1865 இல் அவர் தொடங்கிய மிஷன் துறைமுக நகரங்களைத் தாண்டிச் சீனத்தின் உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போயிற்று. நொபிலியும் ரிச்சியும் செய்தது சரியா என்று ரோமில் நூறு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 1623 இல் நொபிலிக்குச் சாதகமாகப் போப்பாண்டவர் தீர்ப்புச் சொன்னார். 1742 இல் சீனத்துச் சடங்குகளுக்கும் 1744 இல் நம் பக்கத்துச் சடங்குகளுக்கும் தடை வந்தது.

நொபிலி மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிது. ஆனாலும் ஒன்றை மறைக்கமாட்டேன். மேல்சாதியாரிடம் நெருங்குவதற்காக அவர் தாழ்த்தப்பட்டவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். பிறகு அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என வேறு குருமாரை வைத்தார்கள். ஆண்டவருடைய வீட்டிலேயே இரண்டு வாசல் வந்துவிட்டது. 1833 இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் எத்தனை எதிர்ப்பு! இன்றைக்கும் தமிழ்நாட்டில் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆகவே உங்களுக்கு ஒரே விதிதான். யார் அறையில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். யார் தட்டில் போட்டாலும் சாப்பிடுங்கள். அது முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்கிறேன்.

4. கையில் அரிசியை வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணாதீர்கள்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் பாட்டிமார் அவர்களுடைய பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். 1876 இலிருந்து 78 வரை. கொங்கு நாட்டில் அதை இன்னும் மறக்கவில்லை. அதே வருஷங்களில் வடசீனாவிலும் மழை பொய்த்தது. அங்கே திமோத்தி ரிச்சர்டு என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஷான்டுங், ஷான்சி மாகாணக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பண உதவி கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிப் போதகர் கால்டுவெல்லும் மற்றவர்களும் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். உயிர்களைக் காப்பாற்றினார்கள், அதில் சந்தேகமே இல்லை. பஞ்சத்தோடு ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அவர்கள் மனம் மாறி வந்தார்களா, வயிற்றுக்காக வந்தார்களா என்ற கேள்வி அன்றிலிருந்து தீரவில்லை. சீனத்திலும் "சோற்றுக் கிறிஸ்தவர்" என்ற வசை அப்படியே வழங்கியது.

அந்தச் சந்தேகம் உங்கள் மேல் விழ விடாதீர்கள். மளிகைப் பை கொடுக்கிற அன்று எந்தத் துண்டுப் பிரசுரமும் கையில் இருக்கக் கூடாது. ஜெபம் செய்யட்டுமா என்று அன்றைக்குக் கேட்கவே கூடாது. வாங்குகிறவர் கையேந்தி நிற்கும்போது கேட்கிற கேள்விக்கு அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாதவரிடம் கேட்பது கேள்வியே அல்ல.

கொடுக்கும்போது படமும் எடுக்காதீர்கள்.

5. காய்ச்சல்காரர் முன்னால் போய் நிற்கிறவரைத்தான் ஊர் நம்பும்.

ஐடா ஸ்கடர் கதையை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள். பெண் மருத்துவர் இல்லாமல் மூன்று பேரும் செத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் வேலூர் ஆஸ்பத்திரி. நான் சொல்லப்போவது அதிகம் பேர் அறியாத ஒருவரைப் பற்றி.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் போய் மானிப்பாயில் வைத்தியசாலை திறந்தார். அங்கேயே பையன்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் நடந்தது. படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு வெளியூர் போய்விடுவதைக் கண்டார். கிராமத்தில் தங்குகிற வைத்தியர் வேண்டுமென்றால் கிராமத்தின் மொழியிலேயே பாடம் நடக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். 1860களில் வகுப்பு முழுவதும் தமிழுக்கு மாறியது. புத்தகம் இல்லையே! மாணவர்களையும் பண்டிதர்களையும் வைத்துக்கொண்டு அவரே செய்தார். 1867 இல் இரணவைத்தியம் வந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதம். 1875 இல் கெமிஸ்தம். எலும்புக்கும் நரம்புக்கும் நாளத்துக்கும் ஒவ்வொன்றாகச் சொல் தேடி எழுதினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டுப் போனார், அவர்களில் பாதிக்கு மேல் தமிழிலேயே படித்தவர்கள். தன் கல்லறையில் தமிழருக்கு வைத்தியம் செய்த ஊழியன் என்று எழுதச் சொன்னார். அந்தக் கல் அமெரிக்காவில் வூஸ்டரில் இருக்கிறது.

சாமி பெயரே சொல்லாமல் இதே வேலையைச் செய்தவரும் நம்மில் உண்டு. சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ், 1938 இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர். போருக்கு நடுவே வடசீனக் கிராமங்களில் அறுவை சிகிச்சை செய்தார். சீன மொழி படித்து அதிலேயே பாடம் நடத்தினார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே இறந்தார். சீன ஜனங்கள் இன்றும் அவரை நினைக்கிறார்கள்.

நீங்கள் டாக்டர் இல்லை. ஆனால் சாயப்பட்டறையில் கை வெந்தவரையோ, ஓவர்லாக் ஊசி விரலில் ஏறினவரையோ அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்கலாம். சீட்டு எழுதுகிற இடத்தில் பெயரைச் சரியாகச் சொல்லலாம். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அவர் பாஷையில் உறையில் எழுதிக் கொடுக்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று விசாரிக்கலாம். இவ்வளவுக்கும் ஒரு பகல் ஆகும். அந்த ஒரு பகலை நீங்கள் கொடுத்ததை அவர் குடும்பம் ஒடிசாவிலிருந்து போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

6. தொழில் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்புமுன் யோசியுங்கள்.

நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மாள் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு லேஸைக் கொண்டுபோனவர். மேற்குக் கரையில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரிலும் கண்ணூரிலும் தறி போட்டார்கள், ஓடு சுட்டார்கள், 1850களில் காக்கித் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். மதம் மாறியதால் சாதித் தொழிலையும் நிலத்தையும் இழந்தவர்களுக்குச் சோறு போட்டது அது.

அங்கே அது தேவையாக இருந்தது. திருப்பூரில் இருப்பவர்களுக்கு நீங்கள் தையல் சொல்லித்தரப் போகாதீர்கள். பவர்டேபிளில் ஷிப்ட் அடிக்கிறவருக்கு உங்களைவிடப் பத்து மடங்கு தெரியும். அவருக்குத் தெரியாதது வேறு. பீஸ் ரேட்டில் எத்தனை டஜன் ஆச்சு, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தார்கள், பி.எஃப். போகிறதா என்கிற கணக்கு அவருக்குப் புரியாத எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், கையைப் பிடித்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

7. நடந்து போங்கள்.

கால்டுவெல் 1841 இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்குப் போனபோது பல்லக்கு ஏறவில்லை. தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு நடந்தே போனார். ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்க்க அதுதான் வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1856 இல் வந்த அவருடைய திராவிட மொழி ஒப்பிலக்கணத்துக்கு அந்தக் காதுதான் காரணம். பைக்கை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

8. பணத்தில் சுத்தமாக இருங்கள்.

மயிலாடியில் ஊழியம் செய்த ரிங்கல்தௌபே சம்பளத்தை அங்கேயே செலவழித்துவிடுவார். 1816 இல் புறப்படும்போது போட்டுக்கொள்ள ஒழுங்கான கோட்டு இல்லை. எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கும் வீடு வாசல் உண்டு. வாங்கினதற்கும் கொடுத்ததற்கும் அன்றன்றே கணக்கு எழுதுங்கள், கேட்பவர் யாராயிருந்தாலும் காட்டுங்கள். அது போதும்.

9. தடை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

சீகன்பால்க்கைச் சிறையில் போட்டது தஞ்சாவூர் ராஜா இல்லை. கிறிஸ்தவரான டேனிஷ் தளபதிதான் அவரை 1708 கடைசியில் நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்தார். ஏழைகளுக்காகச் சீகன்பால்க் வாய் திறந்தது வியாபாரத்துக்குத் தொந்தரவாயிற்று. நீங்கள் சம்பளச் சீட்டைப் படித்துக் காட்ட ஆரம்பித்தால், உங்கள் சபையிலேயே, உங்கள் சொந்தக்காரர்களிலேயே கம்பெனி வைத்திருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். மரியாதையாகக் கேளுங்கள். கோபப்படாதீர்கள். வேலையை நிறுத்தாதீர்கள்.

10. தமிழரே மிஷனரிகளாகப் போனதை மறக்காதீர்கள்.

1903 இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டு இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நிஜாம் ராஜ்ஜியத்து டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் துட்டு ஒரு பைசா இல்லை. பனங்காட்டிலிருந்து போனவர்கள் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து படித்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1909 இல் தாமே அங்கே போனார். மறு வருஷம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனரிகள் தியாகம் எல்லாம் செய்கிறார்கள், ஆனால் எங்களைச் சமமாக உட்காரவைப்பதில்லை, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று அவர் அத்தனை பேர் முன்னால் எழுந்து சொன்னார். சபையில் பலருக்கு உறைத்தது. 1912 இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இப்போது திருப்பூரில் நாம் உள்ளூர்க்காரர், வந்தவர்கள் அவர்கள். "வடக்கன்" என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. அவருக்கு ஒரு பெயர் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் அண்ணா என்றோ அக்கா என்றோ சொல்லுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள்.

11. சீக்கிரம் திரும்பிவிடுவதாக இருந்தால் தொடங்காதீர்கள்.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895 இல் இந்தியா வந்தார். 1951 இல் டோனாவூரில் சாகும்வரை ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. அவ்வளவு உங்களிடம் கேட்கவில்லை. மூன்று வருஷம் கேட்கிறேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒரு புது அக்காவையும் புது அண்ணனையும் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

12. கூட உழைத்த உள்ளூர்க்காரர் பெயரை எழுதி வையுங்கள்.

பழைய மிஷன் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. வெள்ளைக்காரப் போதகரின் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கும். அவரோடு வெயிலில் நடந்த உபதேசியார் வெறும் "உபதேசியார்". வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் வெறும் "பைபிள் பெண்". தப்பித் தவறி நமக்குக் கிடைத்த பெயர்கள் சில: சீகன்பால்க்குக்குத் துபாஷியாக இருந்த அழகப்பன், 1733 இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், ரிங்கல்தௌபேயை மயிலாடிக்கு வரவழைத்த வேதமாணிக்கம், தான் சாகும்வரை ஏமி அம்மாளோடு உழைத்த பொன்னம்மாள். இவர்கள் இல்லாமல் அந்த வேலை ஒரு நாளும் நடந்திருக்காது.

உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார். அறைக்கு அறை கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஜார்க்கண்டுப் பையன், மொழிபெயர்த்துச் சொல்கிற ஓர் ஒடியா அக்கா. அறிக்கை எழுதும்போது அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், முதல் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும்.

சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்குப் போகாதீர்கள். ஞாயிறு காலையில் துணி துவைப்பார்கள், கறி எடுக்கப் போவார்கள். பதினொரு மணிக்கு மேல் போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், வேறெதுவும் வேண்டாம்.